எலக்ட்ரிக்கா, ஹைபிரிடா, பெட்ரோலா? கணக்குப் போட்டுப் பார்த்தேன்

எலக்ட்ரிக் கார் புகையே விடாது என்பார்கள். தெருவில் விடாது, சரி. அந்தப் புகை வடசென்னையிலோ மேட்டூரிலோ அனல்மின் நிலையத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாகச் சுமார் 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது.

நடுத்தர எஸ்யூவி, வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 800 லிட்டர், லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் 1.8 டன். பெட்ரோல் இன்ஜினோடு மோட்டாரும் சிறிய பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் 22 கொடுத்தால் 1.25 டன். எலக்ட்ரிக்குக்குச் சார்ஜில் வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் 2,000 யூனிட், 1.4 டன். ஹைபிரிட் ஜெயித்துவிட்டதா? பெட்ரோலைத் தோண்டி, சுத்திகரித்து, பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுவருவதில் வெளியாகும் புகைக்காக இன்னொரு 20 சதவீதம் போட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். போதாக்குறைக்கு 45 யூனிட் பேட்டரியைச் செய்யும்போதே 3, 4 டன் வெளியாகிவிடுகிறது. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் அதை ஈடுகட்டவே நாலைந்து வருஷம் ஓட்ட வேண்டும். மொட்டை மாடியில் சோலார் போட்டு அதில் சார்ஜ் ஏற்றுகிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அவர்களோடு ஹைபிரிட் போட்டியே போட முடியாது.

பணக் கணக்கில் இந்த இழுபறி இல்லை. லிட்டர் 100 ரூபாய் என்றால் பெட்ரோலுக்கு 80,000, ஹைபிரிடுக்கு 54,500 சொச்சம். வீட்டில் சார்ஜ் போட்டால், இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டி மேல் ஸ்லாபுக்குப் போய் யூனிட் 9 ரூபாய் விழுந்தாலும் 18,000தான். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பி யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்தால் 40,000, ஹைபிரிடோடு ஒப்பிட்டால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று. வாங்கும்போது எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, இந்த அளவு ஹைபிரிடுக்கும் பெட்ரோல் காருக்கும் 40. பெட்ரோலை மிச்சப்படுத்தும் வண்டிக்கும் மிச்சப்படுத்தாத வண்டிக்கும் ஒரே வரி போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு, பார்க்கிங் வரை மீட்டரிலிருந்து வயர் இழுக்கச் சங்கம் சம்மதிக்காது என்றால் ஹைபிரிட் போதும். அதுவும் டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவருக்குத்தான், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை அது சேமிக்கிறது, ஹைவேயில் அந்த வித்தை அவ்வளவு பலிக்காது. தனி வீடு, தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எலக்ட்ரிக். மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் எதையும் வாங்க வேண்டாம், இருக்கிற பெட்ரோல் காருக்கே டயரில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு ஓட்டட்டும்.