அடகு நகைப் பணத்தில் பென்னி ஸ்டாக் வாங்க வைத்தவர், இப்போது நம் ஊரில் தங்கம் கேட்கிறார்

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, பழைய நகையக் குடுத்தா மாசாமாசம் மூணு பர்சன்ட் தர்றாங்களாம். ரெண்டு பவுன் சும்மாதான் கெடக்குது. குடுக்கலாமா?" நிறுவனத்தின் பெயர் எனக்குப் புதிது. ஆனால் கீழே போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். 2024-ல் என் மனைவியின் 12 பவுனை அடகு வைக்கச் சொல்லி, அந்தப் பணத்தைப் பென்னி ஸ்டாக்கில், அதாவது சில ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவுப் பங்கில், போட வைத்தவர் அவர்தான்.

இவ்வளவு நாள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டதை அதனால்தான் இன்று எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதே பேச்சை வேறு யார் பேசினாலும் உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். அப்பா காலத்துப் பட்டறை. ஷேர் மார்க்கெட் அறவே தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். 2021-லேயே பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கு தொடங்கி, மாதம் இரண்டாயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தேன். சரக்கு எடுக்க வரும் வியாபாரி ஒருவர்தான் அந்த ஆளை அறிமுகப்படுத்தினார். ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஓர் அறை. சுவரில் இரண்டு பெரிய டிவியில் சார்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பதிவுச் சான்றிதழ். வயதில் சின்னவர், "அண்ணா, அண்ணா" என்று மரியாதையாகப் பேசுவார். மனைவி, பிள்ளைகள் நலம் எல்லாம் விசாரித்த பிறகுதான் பங்கு பற்றியே பேச்செடுப்பார்.

2024 ஜூலை 23 பட்ஜெட் ஞாபகம் இருக்கும். தங்கம், வெள்ளி இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. வெள்ளியும் சரிந்ததில், கையில் இருப்பு வைத்திருந்த எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேருக்கு அடி. எனக்கும்தான். அந்தக் கலக்கத்தில் நான் இருந்த வாரம் பார்த்து அவர் சொன்னார்: "அண்ணா, தங்கம் முடிஞ்சுதுங்க. இனி அஞ்சு வருஷத்துக்கு ஏறாது. பீரோல தூங்குற நகைய பேங்க்ல வெச்சுப் பணமாக்குங்க. வட்டி ஒம்பது பர்சன்ட்தான். நான் காட்டுற ஷேர் மூணு மாசத்துல டபுள்."

மனைவிக்கு மனசே இல்லை. "ஏங்க, பொண்ணு பத்தாவது படிக்குது, அதையாச்சும் நெனச்சுப் பாருங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். மூன்று மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கிப் போனேன்.

பேங்கில் நகை மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக எடுத்து உரைகல்லில் தேய்த்து, ஆசிட் விட்டு, கோடு கரைகிறதா என்று பார்த்தார். ஆரத்தில் கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தார். தோட்டின் திருகாணியைக்கூடத் தனியாக உரசினார். மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைந்திருந்தால் அது அந்த இடத்தில்தான் இருக்கும். என் தொழிலும் அதுதான் என்பதால் குறை சொல்லத் தோன்றவில்லை. 96 கிராமில் 93 கிராம் கணக்கில் ஏறியது. ரிசர்வ் வங்கி விதிப்படி நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று சொல்லி 4,20,000 ரூபாய் கொடுத்தார்கள். என் பொருளைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். அன்று மதியம் நான் அந்தப் பங்கின் பெயரைப் போனில் தட்டி வாங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, வருடத்துக்கு எவ்வளவு விற்கிறது என்று ஒரு வரி படிக்கவில்லை.

"பிரீமியம் குரூப்" என்று டெலிகிராமில் சேர்க்க 18,000 ரூபாய் கட்டணம். ஜிபேயில் அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்குக்கே போட்டேன். முதலில் 10,000 பங்கு, ஒன்று 4.20 வீதம். மறுநாளிலிருந்து தினமும் 5 சதவீதம் அப்பர் சர்க்யூட். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த மாதிரிப் பங்குகளில் ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று எக்ஸ்சேஞ்ச் வரம்பு வைத்திருக்கும். மேல் வரம்பைத் தொட்டால் வாங்க ஆள் குவிந்திருப்பார்கள், விற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். கீழ் வரம்பைத் தொட்டால் நேர்மாறு.

இதில் ஒன்றை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் விற்பவரே இல்லாத பங்கு, "இன்னிக்கு எல்லாரும் சேருங்க" என்று குரூப்பில் செய்தி வந்த அன்று மட்டும் தாராளமாகக் கிடைத்தது. நான் 7.56-க்கு 50,000 கேட்டேன், கேட்ட மறு வினாடி மொத்தமும் கைக்கு வந்தது. அவ்வளவு பங்கை அன்று வைத்திருந்து எங்களுக்கு விற்றது யார் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. வாங்கும்போது புரோக்கர் ஆப்பில் சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை வந்தது: இந்தப் பங்கு எக்ஸ்சேஞ்சின் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளது, தொடர விருப்பமா? குரூப்பில் முன்னாடியே எழுதியிருந்தார்கள், "வார்னிங் வரும், அக்செப்ட் குடுங்க, அது எல்லாத்துக்கும் வர்றதுதான்." கொடுத்தேன். ஜிஎஸ்எம், இஎஸ்எம் என்று அந்தப் பட்டியல்களுக்குப் பெயர். காரணமில்லாமல் ஒரு பங்கை அதில் போடுவதில்லை. அந்தச் சிவப்புக் கட்டம் வந்தால் தயவுசெய்து வெளியே வந்துவிடுங்கள்.

விலை 11.40 வரை போனது. என் 60,000 பங்குக்குத் திரையில் 6,84,000 ரூபாய் காட்டியது. நேரில் போய், பாதியை விற்று நகையைத் திருப்பிவிடட்டுமா என்று கேட்டேன். "அவசரப்படாதீங்கண்ணா, ஆபரேட்டர் இன்னும் உள்ளதான் இருக்காரு. டார்கெட் இருபத்தஞ்சு." ஆபரேட்டர் என்றால் விலையை வைத்து விளையாடும் ஆள். அவர் இருக்கிறார் என்பதையே தைரியமாக என்னிடம் சொன்னார், நானும் அதைத் தைரியமாக எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது இன்னும் வலிக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை காலை 9:15-க்கு லோயர் சர்க்யூட்டில் திறந்தது. வாங்கும் பக்கம் ஐந்து வரியும் பூஜ்யம். விற்கும் பக்கம் ஒரே வரியில் 38 லட்சம் பங்கு வரிசையில் நிற்கிறது. நானும் விற்க ஆர்டர் போட்டேன். மாலை மூன்றரைக்கு அது தானாக ரத்தானது. மறுநாளும் அப்படியே. ஒரே விலையில் முதலில் போட்டவர் ஆர்டர்தான் முதலில் போகும் என்பதால், காலை 9 மணிக்கு, சந்தை திறப்பதற்கு முந்தைய ப்ரீ ஓப்பன் நேரம் தொடங்கும்போதே விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் பையன், "அண்ணா, கை நடுங்குதுங்க" என்றான். ஒவ்வொரு நாளும் 5 சதவீதம் கழிந்துகொண்டே போனது. ஒரு பங்குகூட விற்கவில்லை. 26 வணிக நாள் இப்படி. இரவு தூங்கும்போதே மறுநாள் விலை என்ன என்று கணக்குப் போட்டுவிட முடியும், அதில் மாற்றமே இருக்காது.

வாங்க ஆள் வந்தபோது விலை 3 ரூபாய். 1,80,000 கிடைத்தது.

அதற்குள் அவருடைய பேச்சு மாறியிருந்தது. முதல் வாரம் "பெரிய புள்ளிங்க வெலைய அடிக்கிறாங்க, பொறுங்க". இரண்டாவது வாரம் "லாங் டேர்ம் வெச்சுக்குங்கண்ணா". மூன்றாவது வாரம் நான் குரூப்பில் கேள்வி கேட்டதும் என்னை நீக்கிவிட்டார்கள். மாடிக்குப் போனேன். பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டிவி இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. சான்றிதழையும் கழற்றியிருந்தார்கள்.

சான்றிதழின் படம் என் போனில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆடிட்டர் அண்ணன்தான் உட்கார்ந்து செபி இணையதளத்தில் தேடிக் காட்டினார். பங்கு ஆய்வாளர்களுக்குப் பதிவு எண் ஐஎன்எச் என்று தொடங்கும், முதலீட்டு ஆலோசகர்களுக்கு ஐஎன்ஏ. இதில் இருந்த எண் உண்மையானது, ஆனால் வேறு மாநிலத்தில் இருக்கும் வேறு ஒருவருடையது. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறார். அதோடு, முறையாகப் பதிவு பெற்ற யாரும் "இவ்வளவு லாபம் உறுதி" என்று சொல்லவே கூடாது, அது விதி. டபுள் என்ற சொல்லைக் கேட்ட இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்கலாம். இப்போது 2025 அக்டோபரிலிருந்து இன்னொரு வசதியும் வந்திருக்கிறது. பதிவு பெற்ற புரோக்கர், ஆலோசகர்களின் யுபிஐ முகவரியில் "வேலிட்" என்ற சொல்லோடு வங்கிப் பெயர் சேர்ந்து வரும், பணம் போடும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் குறி தெரியும். சொந்தச் சேமிப்புக் கணக்குக்குக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கம்பெனி பற்றியும் அண்ணன் காட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் எல்லோரும் பார்க்கலாம். நாங்கள் வாங்கிய காலாண்டில் புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்துபவர்களின், பங்கு குறைந்திருந்தது, சின்ன முதலீட்டாளர் எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. விற்பனை என்ற வரியில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்த ஒரு பக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம் போதும்.

வந்த 1,80,000-ஐ பேங்கில் கட்டினேன். மீதி அசலுக்கு வட்டி ஓடியது. தங்கம் ஏறாது என்று அவர் சொன்னாரே, 2025 அக்டோபரில் பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. வட்டியோடு பாக்கி ஏறக்குறைய 2,70,000. மச்சானிடம் ஒரே ஒரு நாளுக்குக் கைமாற்று வாங்கி நகையைத் திருப்பினேன். அதிலிருந்து மூன்று பவுன் சங்கிலியை அன்றே முதல் அக்ரகாரத்தில் ஒரு நகைக்கடையில் விற்று மச்சானுக்குக் கொடுத்தேன். கடைக்காரர் எடை போட்டு, டச் என்று சொல்லும் மாற்றைப் பார்த்து, கழிவு போகக் கையில் பணம் தர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 26 நாள் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கல்லாவின் முன்னால் நின்றபோது கண் கலங்கிவிட்டது. அந்தச் சங்கிலி என் அம்மா சாவதற்கு முன்னால் மருமகள் கழுத்தில் போட்டது. மற்ற ஒன்பது பவுனும் வீட்டுக்கு வந்துவிட்டன. மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் உள்ளே வைத்தாள்.

இப்போது நோட்டீஸ் விஷயம். பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு எல்லோருக்கும் தங்கத்தின்மேல் ஆசை. அதைப் பார்த்துத்தான் இவர் கடையை மாற்றியிருக்கிறார். நகைக்கடைகள் நடத்தும் மாதச் சீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் பதினொரு மாதம்தான். பொருளுக்கான முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும் என்ற விதி இருப்பதுதான் காரணம். நகையை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்பது சீட்டும் கிடையாது, அடகும் கிடையாது. வருடத்துக்கு 36 சதவீதம். 12 பவுன் வைத்து நான் பேங்குக்குக் கொடுத்த வட்டியே ஒன்பது சதவீதம்தான். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப் பிரிவு அதன்படி வழக்குப் போடும். ஆனால் வழக்கு வந்து பணம் திரும்புவதற்குள் எத்தனை வருடம் ஆகும் என்று இந்த ஊரில் ஏமாந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள்.

இட்லிக் கடை அக்காவிடம் என் பழைய ஜிபே ரசீதையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். "எங்க நாத்தனா நேத்தே நாலு பவுன் குடுத்துட்டாளே" என்றார். அன்று மாலையே அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம்.

அந்த மாடி அறைக்குப் போனவர்கள், அந்த குரூப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், டெலிகிராம் செய்திகளை இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள், குரூப்பை எந்த நேரமும் அழித்துவிடுவார்கள். ஜிபே ரசீது, வாங்கியது விற்றதற்குப் புரோக்கர் அனுப்பிய கான்ட்ராக்ட் நோட் இரண்டையும் அச்செடுத்து வையுங்கள். இந்த மாதத்தில் பணமோ நகையோ கொடுத்தவர்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் புகார் கொடுங்கள். போன் வழியாகப் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், கணக்கில் பணம் மிச்சம் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் இதுவரை ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை எல்லாக் காகிதங்களையும் ஒன்றாகக் கொடுக்கப் போகிறோம். அக்காவின் நாத்தனாரும் வருகிறார்.