வேளச்சேரிப் பக்கம் வீடு பார்க்கிறீர்களா? புதுப் பெயின்ட்டை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

போன வருடம் மே மாதம் வேளச்சேரியில் ஒரு கீழ்த்தள வீட்டுக்குக் குடிபோனோம். இரண்டு படுக்கையறை, வாடகை 16,000, அட்வான்ஸ் ஒரு லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பார்க்கப் போன அன்று சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. "உங்களுக்காகத்தான் மேடம் புதுசா அடிச்சிருக்காங்க" என்றார் புரோக்கர். மழைக்குத் தண்ணீர் வருமா என்று வீட்டுக்காரரிடமே கேட்டேன். "இந்தத் தெருவுக்கு வராதும்மா" என்றார். நம்பினோம். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவர் மே மாத வெயிலில் எதையும் காட்டிக்கொடுக்காது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரே வாரத்தில் உள் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. தொட்டால் உப்பு பூத்து உதிர்ந்தது. தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுக்கலாம் என்று பீரோவைத் திறந்தால் மடிப்பெல்லாம் பூசணம். பீரோவை நகர்த்திப் பார்த்தோம், பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. என் தலைமாட்டிலிருந்து நாலடி தூரம்.

அதற்குள் எனக்கு இருமல் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சளி மருந்து இரண்டு பாட்டில் தீர்ந்தும் நிற்கவில்லை. இரவில் படுத்தால் நெஞ்சில் விசில் சத்தம், எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். கும்பகோணத்தில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தபோது இருமல் அடங்கியது. திரும்பி வந்த இரண்டாம் நாளே மறுபடி இழுப்பு. நுரையீரல் மருத்துவர் குழாயில் ஊதச் சொல்லிச் சோதித்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சுவர்ல ஓதம் இருக்கா?" என்றார். இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, முடிந்தால் வீட்டையும் மாற்றச் சொன்னார்.

வீட்டுக்காரரிடம் போனோம். "ஏம்மா, மழைக்காலத்துல யார் வீட்லம்மா ஓதம் இல்ல?" என்று ஒரு பெயின்டரை அனுப்பினார். ஈரச் சுவர் மேலேயே அடித்துவிட்டுப் போனார், பத்து நாளில் மறுபடி கறுத்தது. நானும் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சுவருக்குள் ஈரம் இருக்கும்வரை மேலே துடைப்பதில் பயனே இல்லை. இழுப்பு உள்ளவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், தேய்க்கும்போது கிளம்பும் தூசியே போதும். அன்று ராத்திரி எனக்கு நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது.

காலி செய்யும்போதுதான் மாடிவீட்டு அக்கா சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் இதே ஓதத்தால்தான் போனார்களாம். இதை மறைத்த வீட்டுக்காரர், பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் 45,000 ரூபாயையும் பிடித்துக்கொண்டார். எங்கள் கையில் இருந்தது பதியாத பதினொரு மாத ஒப்பந்தம் மட்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதெல்லாம் பணம் போன பிறகு தெரிந்துகொண்டது. நீங்கள் முன்பே கேளுங்கள். காலி சுவர்களைப் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

அப்புறம் பதினான்கு வீடு பார்த்தோம். உடம்புக்கு முடியாதபோது வீடு தேடுவது பெரிய கொடுமை. சில வீடுகளில் வாசலிலேயே தொண்டை அடைத்துவிடும். சாம்பிராணியோ ரூம் ஸ்பிரேயோ மணந்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான். ஜன்னலைச் சாத்தச் சொல்லி ஐந்து நிமிடம் உள்ளே நிற்பேன். சுவர் அலமாரிகளைத் திறந்து மோந்து பார்ப்பேன், அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. பாத்ரூமை ஒட்டிய சுவர், சம்ப்புக்கு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) பக்கத்துச் சுவர், மாடிவீட்டுக் கழிவறைக்குக் கீழே வரும் கூரை, இந்த மூன்றையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்ப்பேன். கீழ்ப்பகுதியில் மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் ஏன் என்று கேட்பேன். தெருவில் ஈ.பி. மீட்டர்களை மட்டும் உயரத்துக்கு மாற்றியிருந்தால் அதுவே ஒரு பதில். 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரைக் கேட்பதைவிட அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரைக் கேட்கலாம், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. பிடித்த வீட்டையும் மழை நாளில் இன்னொரு முறை பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம். நங்கநல்லூரில், இரண்டாம் மாடி. மேலே இன்னொரு மாடி இருப்பதால் மொட்டைமாடிக் கசிவு பயமில்லை. வாடகை 4,000 அதிகம். மெத்தை, தலையணை எதையும் பழைய வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. இன்ஹேலர் இன்னும் பையில்தான் இருக்கிறது, ஆனால் படுத்துத் தூங்குகிறேன்.

அந்த வீட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்து டு-லெட் போர்டு மாட்டியிருப்பதாக மாடிவீட்டு அக்கா போன வாரம் சொன்னார். வேளச்சேரியில் கீழ்த்தளம், இரண்டு படுக்கையறை, "தண்ணியே வராது" என்று யாராவது காட்டினால் உள் படுக்கையறைக்குப் போய், முட்டிக்குக் கீழே, சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.