ஆய்வகமா, எக்ஸ்ரே அறையா: தவறைப் பிடிக்கக் கிடைக்கும் அவகாசம்

மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது, என் முன் இருந்தவை இரண்டு: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே முதல் எம்.ஆர்.ஐ. வரையிலான படத் தொழில்நுட்பம். நான் முதலாவதை எடுத்துப் பதினோரு ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாகப் பணிபுரிகிறேன். படத்துறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே வேலை செய்யும் நெருங்கிய தோழியின் வழியாகத்தான். ஆகவே என் சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும்.

இரவுப் பணி, விடுமுறை நாள் பணி, நாள் முழுதும் நின்றபடி வேலை ஆகியவை இரண்டுக்கும் பொது. ஆபத்து மட்டும் வேறு. எங்களுக்கு ஊசி குத்துவதும் இரத்தம் தெறிப்பதும். அதனால்தான் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கட்டாயம் வேண்டும் என்கிறோம். அவர்களுக்குக் கதிர்வீச்சு, அதைச் சட்டையில் குத்திய பேட்ஜ் அளந்துகொண்டே இருக்கும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது வேறொன்று: தவறு நேர்ந்தால், அது நோயாளியைச் சென்றடையும் முன் அதைப் பிடிக்க எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்பது.

ஓர் இரவில் எந்திரம் ஒரு சாம்பிளில் பொட்டாசியம் 8.7 என்று காட்டியது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு அது, 8.7 உண்மையானால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். ஆனால் அதே சாம்பிளில் கால்சியம் 3.1 ஆக விழுந்திருந்தது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவும் காரணமின்றிக் கீழே இருந்தது. மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நோயை அல்ல, குழாயை. வார்டுக்குப் போன் செய்து, “சிஸ்டர், ஊதா மூடிக் குழாயிலிருந்து இதில் இரத்தம் ஊற்றினீர்களா?” என்று கேட்டேன். இரத்தம் போதவில்லை என்று சிறிது ஊற்றியதாக அவர் சொன்னார். அந்தக் குழாயில், இரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. என்ற பொருள் பொட்டாசிய உப்பு வடிவில் உள்ளது. அது பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டும், கால்சியத்தைப் பிணைத்துக் குறைத்துக் காட்டும். புதிதாக எடுத்து அனுப்பிய சாம்பிளில் 4.2 வந்தது. அந்த 8.7 எந்தத் தாளிலும் அச்சாகவில்லை.

இத்தகைய வாய்ப்பு எங்கள் வேலையில் அன்றாடம் கிடைக்கிறது. காலையில் அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் என்ற சோதனை மாதிரியை எந்திரத்தில் ஓட்டி, அது எல்லைக்குள் விழுந்த பிறகுதான் நோயாளிகளின் சாம்பிளைத் தொடுகிறோம். சென்ட்ரிபியூஜில் சுற்றிய பின் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், செல் உடைந்திருக்கிறது, பொட்டாசியத்தை நம்ப முடியாது என்று கண்ணே சொல்லிவிடும். பிளேட்லெட் இருபதாயிரம் என்று எந்திரம் எண்ணிச் சொன்னாலும், ஸ்மியர் போட்டு, அதாவது ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக ஓரத்தில் ஒதுங்கியிருப்பது சில வேளைகளில் தெரியும். இ.டி.டி.ஏ.வுக்குப் பதில் சிட்ரேட் உள்ள குழாயில் மீண்டும் எடுத்து எண்ணினால் பெரும்பாலும் சரியான எண்ணிக்கை கிடைத்துவிடும்.

படத்துறையிலும் சரிபார்ப்பு உண்டு. டிஜிட்டல் எக்ஸ்ரேயில் படம் சில நொடிகளில் திரைக்கு வந்துவிடுகிறது. ஆயினும் நோயாளி அசைந்துவிட்டாலோ கோணம் தவறிவிட்டாலோ மறுபடி எடுப்பது என்றால் அவர் உடலில் மறுபடியும் கதிர்வீச்சு என்று பொருள். முதல் முறையிலேயே சரியாக எடுத்தாக வேண்டும் என்ற அந்த அழுத்தம்தான் தன்னைக் கூர்மையாக வைத்திருக்கிறது என்று தோழி சொல்வாள். வலியில் துடிப்பவரிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசி மூச்சை அடக்க வைக்கும் அவளுடைய திறமை எனக்கு இல்லை. மனிதர்களோடு நேரில் பழகுவதை விரும்புகிறவர்களுக்கு அவள் வழியே பொருந்தும்.

ஆய்வகத்தின் பெரிய ஓட்டை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குழாயின் மேல் வேறொருவர் பெயரை ஒட்டிவிட்டால், கன்ட்ரோலும் ஸ்மியரும் அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த நோயாளியின் பழைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டுமே சில நேரம் சிக்கும். பழைய ரிசல்ட் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எந்திரத்தைக் காட்டும் முன், இரத்தம் எடுத்த இடத்திலேயே, நோயாளியை அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைத்து லேபிள் ஒட்டுவதைத்தான் முதலில் பழக்குகிறேன்.