நீச்சல் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

நன்றாக நீந்தத் தெரிந்த பலரும் கற்றுக்கொடுக்கத் திணறுவார்கள். அந்தத் திணறலைப் போக்குகிறது இந்த வகுப்பு.

கற்றுக்கொடுக்கும் வரிசை இதுதான்: முதலில் தண்ணீரில் முகம் வைத்துக் குமிழி விடுவது, பிறகு மிதப்பது, சறுக்கிப் போவது, அப்புறம்தான் கால் உதைப்பது. கால் தாழ்ந்தால் பெரும்பாலும் தலை தூக்கியிருப்பதுதான் காரணம் என்று ஆசிரியை நீரிலேயே காட்டினார். தலையைத் தாழ்த்தச் சொன்னதும் இடுப்பு தானாக மேலே வந்ததைப் பார்க்கச் சிலிர்ப்பாக இருந்தது!

மீட்புப் பகுதிக்காகவே சேரலாம். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு வாங்கவே அவர் வாய்க்கு நேரம் போதாது. கரையிலிருந்து கம்பை நீட்டு, மிதவையை வீசு, குதிப்பது கடைசி வழி. மூழ்கி மூச்சு நின்றவருக்கு ஆக்சிஜன் இல்லாததுதான் முதல் பிரச்சினை. அதனால் நெஞ்சை அழுத்துவதோடு வாய்வழி மூச்சும் கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். அந்த வேகத்தைப் பொம்மையில் கை வலிக்க வலிக்கப் பழக்கினார்கள்.

தண்ணீரைக் கண்டு நடுங்கும் பெரியவர்களுக்குக் கற்பிப்பதைத்தான் அவசரமாக முடித்துவிட்டார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சேருமுன் நிஜ மாணவர்களை வைத்துப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். எங்களுக்கு இருந்தது.