பி.என்.ஜி.யா, இ.எக்ஸ்.ஆரா?

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை வைத்து அனிமேஷன் செய்பவர்களுக்கு வட்டு நிரம்புவது பெரிய தலையிடி. வினாடிக்கு 24 வீதம், ஒரு நிமிடத்துக்கே 1440 பிரேம், அதாவது தனிப் படங்கள். அவற்றை பி.என்.ஜி., இ.எக்ஸ்.ஆர். என்ற இரு பட வடிவங்களில் எதில் சேமிப்பது?

பி.என்.ஜி.யில் கம்ப்ரஷனை (கோப்பைச் சுருக்கும் அளவை) 15 வீதத்திலிருந்து 100 வீதத்துக்கு ஏற்றினாலும் தரம் குறையாது. கோப்பு சிறுக்கும், சேமிக்கத்தான் கூடுதல் நேரம் எடுக்கும். நேரே வீடியோவாக்குவதென்றால் நிறத் துல்லியம் 8 பிட் போதும்.

ஆனால் நல்லூர்த் திருவிழா இரவை உருவாக்குகிறீர்களா? அப்போது நான் இ.எக்ஸ்.ஆர். பக்கம்தான். விளக்குகளின் உச்ச வெளிச்சத்தை பி.என்.ஜி. வெறும் வெள்ளையாக வெட்டிவிடும். இ.எக்ஸ்.ஆர். அதைக் காப்பாற்றி வைக்கும், பிறகு ஆறுதலாக நிறம் திருத்தலாம். ஹாஃப் ஃப்ளோட்டுடன் (16 பிட் தசம எண் முறை) டி.டபிள்யு.ஏ.ஏ. என்ற சுருக்க முறையைத் தெரிவு செய்யுங்கள். தரவில் சிறிது இழக்கும் முறைதான், ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிவது அரிது. 16 பிட் பி.என்.ஜி.யைவிடக் கோப்பு பெரும்பாலும் சிறியது. ஆழத் தரவுக்கு (கமெராவிலிருந்து பொருட்கள் உள்ள தூரம்) மட்டும் இழப்பில்லாத ஸிப் சுருக்க முறை நல்லது.