காசியில் ராத்திரி: ஜூமா, பிரைமா, ஃபோனா?

பிப்ரவரியில் காசிக்குப் போனோம், மூன்று பேர், ஆளுக்கு ஒரு கேமரா. என்னிடம் பழைய ஏபிஎஸ்-சி கேமரா (வெளிச்சத்தைப் பதியும் சென்சார் சின்னது), அதில் 35 எம்எம் எஃப்/1.8 பிரைம், அதாவது ஜூம் செய்ய முடியாத லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். மச்சானிடம் புது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்), 24-105 எஃப்/4 ஜூம். என் மனைவியிடம் ஃபோன். ட்ரைபாட் வேண்டாமென்று வீட்டிலேயே வைத்துவிட்டோம், ஏனென்றால் தசாஸ்வமேத படித்துறையில் ஆரத்தி நேரத்தில் நம் இரண்டு காலுக்கே இடம் கிடைக்காது, படகில் விரித்தால் படகோடு சேர்ந்து அதுவும் ஆடும்.

ஃபுல் ஃப்ரேம் வாங்கிவிட்டால் ராத்திரிப் படம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஆனால் எஃப்/4ஐ விட எஃப்/1.8 கிட்டத்தட்ட 5 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கழித்துப் பார்த்தால் என் பழைய கேமராதான் ஒரு ஸ்டாப் முன்னால் நிற்கிறது!

சந்துக்குள் போனதும் இது கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பால் கடை, பெரிய இரும்பு வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேல் ஒரே ஒரு பல்பு, கடைக்காரர் கரண்டியால் ஏட்டை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். ஷட்டர் 1/80 நொடி திறக்க, எனக்கு ஐஎஸ்ஓ 6400 போதுமாக இருந்தது (ஐஎஸ்ஓ என்பது படத்தை வெளிச்சமாக்கும் அளவு, ஏற்றினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும்). அதே 1/80க்கு மச்சானுக்கு 32000 கேட்டது. அவர் ஸ்டெபிலைசேஷனை நம்பி 1/10க்கு இறங்கி, 4000ல் எடுத்தார். வாணலி, சுவர், பல்பு எல்லாம் கல் மாதிரி கூர்மை. கடைக்காரருக்கு மட்டும் கை இருந்த இடத்தில் புகை. ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பவர் அசைவதை அது என்ன செய்ய முடியும்?

பிரைமுக்கும் வலி உண்டு. கிட்டே நின்று எஃப்/1.8ல் எடுத்தால் ஃபோகஸ் ஒரு விரல்கடை தவறினாலும் மூக்கு தெளிவு, கண் மங்கல். என் படங்களில் மூன்றில் ஒன்று இப்படித்தான் போனது.

படகில் கதை தலைகீழ். நாங்கள் வாடகைக்கு எடுத்த படகு கரையிலிருந்து தள்ளி நின்றது, அங்கிருந்து ஆரத்தி எடுக்கும் ஏழு பூசாரிகளும் என் 35ல் எறும்பு மாதிரி. வெட்டிப் பெரிதாக்கலாமே என்றால், மச்சானின் 105 காட்டும் அளவுக்கு வர முக்கால்வாசிப் படத்தைத் தூக்கி எறிய வேண்டும், எஃப்/1.8 கொடுத்த லாபம் அதிலேயே போய் அதற்கு மேலும் நஷ்டம். மச்சான் 105, எஃப்/4, 1/250, ஐஎஸ்ஓ 12800 வைத்து எடுத்த அடுக்குத் தீபம் எங்கள் பயணத்திலேயே நல்ல படம். நாய்ஸ் இருக்கிறது, யார் பார்த்தார்கள். அவர் செய்த இன்னொரு நல்ல காரியம், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தது. இல்லாவிட்டால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், அதை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஃபோனைக் கிண்டல் பண்ண மாட்டேன். நைட் மோடில் அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அதனால் அசையாத படித்துறை, கோபுரம், கட்டி வைத்த படகு எல்லாம் எங்கள் இரண்டு கேமராவையும் விடச் சுத்தமாக வந்தன. ஆனால் இரவு ஒன்பது மணி வானத்தைச் சாயங்காலம் ஆறரை மாதிரி நீலமாக்கி வைக்கிறது. தீபத்தைச் சுழற்றும் கையையோ இழுத்துப் பூசிவிடுகிறது.

ஒரு தப்பு நான் செய்தது. சந்தில் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாதென்று சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டேன். எல்இடி போர்டு வைத்த கடைகளின் படமெல்லாம் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன, எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் பதிவதால் அது கோடாக விழுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் கோடு விழாது. இப்போதெல்லாம் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் 1/100, உச்சவரம்பு 12800 என்று போட்டுவிட்டு அதை மறந்துவிடுகிறேன்.

நாய்ஸுக்குப் பயப்படும் காலம் போய்விட்டது. லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 2023ல் வந்த டீனாய்ஸ் (நாய்ஸ் நீக்கும் வசதி) என் 6400 படங்களை 800 மாதிரி ஆக்கிக் கொடுத்தது. ரா ஃபைலாக (சென்சார் பதிந்தது அப்படியே) எடுத்திருந்ததால்தான் அது நடந்தது. மச்சானின் பால் கடைப் படத்தையும் அதில் போட்டோம். புகை அப்படியே இருந்தது.

ஊருக்கு வந்த இரண்டாம் வாரமே அவர் 50 எம்எம் எஃப்/1.8 ஒன்று வாங்கிவிட்டார். ஜூமை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். அடுத்த தடவை படகுக்கு வேண்டுமாம்.