மலிவு டர்ட் பைக் வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்

காட்டுப்பாதையில் ஓட்ட வண்டி தேடிய ஒருவர் தலையில், நான்கு ஸ்ட்ரோக் 250 சிசி மோட்டோகிராஸ் வண்டி (மண் தடத்தில் ரேஸ் ஓட்டுவதற்கான வண்டி) ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். "டிரெயிலுக்கு அருமையான வண்டி, 30 மணி நேரம்தான் ஓடியிருக்கு" என்பது விற்றவர் சொன்னது. புது பிளாஸ்டிக், புது கிரிப், புது சீட் கவர், விலையும் குறைவு. பார்க்கப் போனபோது ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, கால் வலிக்க உதைத்தும் சத்தமே இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்தால் மட்டும் ஓடியது. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதி) திறந்து பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறோம், இதே வித்தையை வைத்து இன்னும் பல வண்டிகள் கைமாறிக்கொண்டிருப்பதால்.

காற்றை உள்ளே விடும் நுழைவு வால்வுகள் இரண்டிலும், வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பூஜ்யம். இந்த வகை எஞ்சின்களில் அது சுமார் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருக்க வேண்டும். டைட்டானியம் வால்வின் மேல்பூச்சு தேய்ந்துவிட்டால் வால்வு சீட்டுக்குள் மேலே ஏறிக்கொண்டே போகும், இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், கிக்கில் ஸ்டார்ட் ஆகாது. விற்றவர் செய்த ஒரே ரிப்பேர், மெல்லிய ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன உலோக வில்லை) போட்டு இடைவெளியைத் திரும்பக் கொண்டுவந்ததுதான். பூச்சு போன வால்வில் அது சில மணி நேர ஓட்டத்துக்குத் தாங்கும். வண்டி கைமாற அது போதும்! இதற்கு மருந்து புது வால்வு, அதற்கேற்ற ஸ்பிரிங், சீட் கட்டிங் (வால்வு உட்காரும் இடத்தைச் செதுக்கிச் சரிசெய்வது). இந்தச் செலவைச் சேர்த்தால் 'மலிவு' காணாமல் போய்விடும்.

அடுத்தது மண். ஏர் ஃபில்டர் புத்தம் புதுசு, எண்ணெய் பூசி மினுமினுவென்று இருந்தது. அதற்குப் பின்னால் த்ரோட்டில் பாடிக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) போகும் ரப்பர் குழாய்க்குள் விரல் விட்டுத் துடைத்தால் நறநறவென்று மண். ஃபில்டரைத் தாண்டி அங்கே வந்த மண் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கும். பிஸ்டனின் பக்கவாட்டில் நெடுக்குக் கீறல்கள், ரிங் இடைவெளி அளவை மீறியிருந்தது. வால்வின் பூச்சைத் தேய்த்ததும் இதே மண்தான்.

30 மணி நேரக் கணக்கோ, ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றி ஒட்டிய மீட்டர் காட்டியது. அதை யாரும் எந்த நாளிலும் புதுசாக வாங்கி ஒட்டலாம், பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். மீட்டரை விடுங்கள், ஃபுட்பெக் பற்களைப் பாருங்கள். பூட்ஸ் உரசி ஃபிரேமின் பெயிண்ட் எவ்வளவு போயிருக்கிறது, கியர் லீவர் நுனி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் மாற்றுகிறவர்கள் இவற்றை மாற்றுவதில்லை. 30 மணி நேரம் உண்மையாகவே இருந்தாலும் அது குறைவு என்று நினைக்க வேண்டாம்: ரேஸ் ஓட்டத்துக்கு 15 மணி நேரத்திலேயே புது பிஸ்டன் கேட்கும் சர்வீஸ் கையேடுகள் உண்டு.

இத்தனையையும் வாங்கும் முன்பே பிடித்திருக்கலாம். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, எஞ்சின் உடம்பில் கை வைப்பது. சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஆற விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். "நேரமில்லை" என்றால் கிளம்பிவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, வெள்ளைத் துணியால் அந்த ரப்பர் குழாய்க்குள் துடையுங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்துக் காட்டி மயக்கப் பார்ப்பார்கள். பல நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் தானியங்கி டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் செய்ய எளிதாக அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) இருப்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட்தான் பேசும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, பெரும்பாலும் வாட்டர் பம்ப் சீல். ரேடியேட்டரில் எஞ்சின் ஓட ஓடக் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல மேலே தூக்குங்கள். ஷாக் நகர்வதற்கு முன் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் லிங்கேஜ் (ஷாக்கை இணைக்கும் மூட்டு) அல்லது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) பேரிங் போயிருக்கிறது. முன்சக்கரம் தரையில் படாதபடி வைத்து ஹேண்டில்பாரைத் திருப்புங்கள், நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஸ்டீயரிங் பேரிங் குழிந்திருக்கிறது. ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நீங்கள் வரும் முன் துடைத்து வைத்திருப்பார்கள். நன்றாகப் பத்துமுறை அமுக்கிவிட்டுப் பாருங்கள், எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது.

இதில் எல்லாம் தேறினாலும் அது டிரெயில் வண்டி ஆகிவிடாது. 19 அங்குலப் பின்சக்கரம், ஸ்டாண்ட் இல்லை, லைட் இல்லை, சின்ன டேங்க், உயரமான முதல் கியர், தாவிக் குதிப்பதற்கென்று இறுக்கிய சஸ்பென்ஷன். பாறையும் வேருமான பாதையில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் அடிக்கடி நின்றுபோகும், சூடேறும், கிளட்ச் தேயும். குறைந்த செலவில் காடு சுற்ற வேண்டுமென்றால் ஹோண்டா சிஆர்எஃப்230எஃப், யமஹா டிடி-ஆர்230 மாதிரி இரண்டு வால்வு, ஏர்-கூல்டு வண்டிகள் போதும். வால்வு இடைவெளியை ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வீட்டிலேயே சரிசெய்யலாம். பார்க்கச் சாதுவாக இருப்பதால் கூட்டம் இவற்றின் பக்கம் வருவதில்லை, அது உங்களுக்கு நல்லதுதான்.

பெட்டியில் வரும் பெயர் தெரியாத புது வண்டியில் ஏமாற்று வேறு மாதிரி. '250' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பல ஏர்-கூல்டு எஞ்சின்களில் சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 67 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 65 மி.மீ. கணக்குப் போட்டால் 229 சிசிதான். '125' என்று விற்கும் பிட் பைக்குகளில் (குட்டி டர்ட் பைக்) இந்த அளவுகள் 52.4 x 55.5 என்று வந்தால் 120-ஐக்கூடத் தொடாது. அதனால் வண்டி ஓடாமல் போய்விடாது, ஆனால் ஸ்டிக்கரைப் பார்த்து விலை பேசாதீர்கள், இந்த இரண்டு அளவையும் கேளுங்கள். வந்த வண்டியை அப்படியே ஓட்டிவிடவும் கூடாது. ஆக்சில் நட், எஞ்சின் போல்ட், ஸ்ப்ராக்கெட் போல்ட், ஸ்போக் எல்லாவற்றையும் இறுக்குங்கள். ஸ்விங் ஆர்மிலும் ஸ்டீயரிங்கிலும் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் ஆயிலை மாற்றுங்கள். பிரேக் பேடும் கிளட்ச் லீவரும் தனியாகக் கிடைக்குமா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஏடிவி (நான்கு சக்கர மண்பாதை வண்டி) என்றால் முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள்: ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் சந்தேகம். இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தால் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) தேய்ந்திருப்பது தெரியும். டிஃபரன்ஷியல் ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீருக்குள் இறங்கிய வண்டி. சிவிடி (பெல்ட்டில் ஓடும் தானியங்கி கியர்) மூடிக்குள் ரப்பர் கருகிய வாசனை வந்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது. பழைய மூன்று சக்கர வண்டியை 'அபூர்வம்' என்று காட்டினால் பக்கத்தில் போகாதீர்கள். கவிழும் ஆபத்தால் அமெரிக்காவில் 1988-இலேயே அவற்றின் புது விற்பனை நின்றுவிட்டது.

பேப்பர் தொலைந்துவிட்டது என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரை டார்ச் அடித்துப் படியுங்கள். அரம் போட்ட தடம், எழுத்துகளின் உயரத்தில் வித்தியாசம், அந்த இடத்தில் மட்டும் புது பெயிண்ட் இருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். 17 இலக்க வரிசையில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. இருந்தால் யாரோ கையால் அடித்தது. முன்பணம் கேட்டால், இந்த நம்பரின் தெளிவான படம் வந்து நீங்கள் சரிபார்க்கும் வரை ஒரு காசும் அனுப்பாதீர்கள்.